இடது கைக்கு ஒரு மவுஸ்

மாலை ஏழு மணி ஆனால் சுகுமாரன் வீட்டுச் சாப்பாட்டு மேசை பாதி அலுவலகமாகவும் பாதி பள்ளிக்கூடமாகவும் மாறிவிடும். ஒரு பக்கம் அவனுடைய மடிக்கணினி. எதிர்ப்பக்கம் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படிக்கும் மகள் யஷ்வினியின் எழுத்துப் பயிற்சி நூல். நடுவில் ஒரு தட்டு பிஸ்கட். தட்டுக்குப் பக்கத்தில், துவைத்து மடித்து வைத்த பள்ளிக்கூடக் கறுப்புக் காலுறை ஒன்று. ஜோடி இல்லை, ஒன்றுதான்.

"யஷ், கை," என்பான் சுகுமாரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குழந்தை இடது கையை நீட்டும். அவன் காலுறையை அதில் மாட்டி முழங்கை வரை இழுத்துவிடுவான். "இறுக்குதா?" என்று அக்கறையாகக் கேட்பான். இல்லை என்று அது தலையாட்டும். பிறகு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வலது கையில் பென்சிலைப் பிடிக்கும். நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்திப் பிடிக்கும். அப்படிப் பிடித்தும் எழுத்து கோட்டில் நிற்காது. ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் பிஸ்கட் நமத்துப் போய்விடும்.

சுகுமாரன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவனைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். பெற்ற பிள்ளையை அவன் ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. யஷ்வினிக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய உட்கார்ந்திருப்பவன். காலுறை யோசனைகூட அன்பில் வந்ததுதான். அவனுடைய சித்தப்பாவுக்கு இடது கைப் பழக்கம் இருந்ததாம். அந்தக் காலத்தில் அகப்பையைச் சுட வைத்து, அந்தக் கையில் சூடு போட்டு மாற்றினார்களாம். "நான் அப்படியா செய்றேன்? நோவாம திருத்துறேன் லா," என்று சொல்லி அவன் பெருமைப்பட்டுக்கொள்வான்.

எல்லாம் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விஜயதசமியில் தொடங்கியது. கோயிலில் ஏடு தொடக்கும் சடங்கு. தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் எழுத, குருக்கள் குழந்தையின் விரலைப் பிடிக்கக் கையை நீட்டினார். யஷ்வினி சிரித்துக்கொண்டே இடது கையைக் கொடுத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து இதற்காகவே வந்திருந்த அக்கா ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை.

"என்னடா சுகு, பிள்ளைக்குப் பீச்சாங்கை பழக்கமா? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்கு ஓடுனா இப்படித்தான். யாரு கவனிக்கிறது?"

அந்த வார்த்தை நேராக நெஞ்சில் போய்த் தைத்தது. அந்த வருடத் தீபாவளிக்கும் அதே கதைதான். மாமா ஒருவர் குழந்தைக்குப் பண உறையை நீட்டினார், யஷ்வினி இடது கையை நீட்டினாள், அவர் உறையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அந்தக் கை இல்ல மா, நல்ல கை எங்க?" என்றார். வீடே சிரித்தது. குழந்தை தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அன்றைக்கே சுகுமாரன் முடிவு கட்டிவிட்டான்.

மனைவி சந்திரிகா ஒரு தடவை பேசிப் பார்த்தாள். ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். எத்தனையோ ஊர்க்காரர்கள் இடது கையில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறாள்.

"அவ பாட்டுக்கு எழுதட்டுமே. எந்தக் கையில எழுதுனா என்ன?"

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவ. நாளைக்குப் பெரியவங்களுக்கு அந்தக் கையில எதையாச்சும் நீட்டுனா, வளத்த லட்சணம்னு நம்மளதான் சொல்வாங்க."

சந்திரிகா அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஆனால் வேலை முடிந்து வந்து, சமைத்து, துணி மடித்து, அதற்கு மேல் ஒரு சண்டையையும் தூக்கிச் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை.

இந்தக் கதையில் இன்னொரு கையும் இருக்கிறது. அது சுகுமாரனின் வலது கை.

பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் அவன் இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் போடுகிறவன். நாள் முழுக்கக் கை மவுஸ் மேல்தான். அலுவலகத்தில் போதாதென்று வீட்டிலும். அவன் வைத்திருந்ததோ மடிக்கணினிப் பையோடு இனாமாக வந்த ஒரு தட்டை மவுஸ். சோப்புக் கட்டியில் பாதி அளவு. உள்ளங்கை அதில் படியவே படியாது. விரல்களை மடக்கி, மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி, கிள்ளுகிற மாதிரி பிடித்தே பல வருடம் ஓட்டிவிட்டான். வேலை செய்கிற பொருளை மாற்றுவானேன் என்பது அவன் கொள்கை.

முதலில் கட்டைவிரல் அடியில் சுருக்கென்றது. தைலம் தேய்த்தான். பிறகு வேலைக்குப் போகும் வழியில் பாலத்தில் காடி ஓட்டும்போது ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை. ஒரு நாள் காலை கோப்பிக் குவளையைத் தூக்கப் போனவன், அதைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு அப்படியே நின்றான்.

ஜெலுத்தோங் கிளினிக்கில் டாக்டர் அவன் கட்டைவிரலை மடக்கச் சொல்லி லேசாக இழுத்தார். சுகுமாரன் அம்மா என்று அலறிவிட்டான்.

"தசைநாண் நல்லா வீங்கிருக்கு. மூணு மாசம் இந்தக் கையில மவுஸ் தொடக் கூடாது. தொட்டா ஆப்பரேஷன்தான்," என்றார் டாக்டர். பிறகு மணிக்கட்டில் பட்டை மாட்டிவிட்டபடி சிரித்தார். "ஏன் முழிக்கிறீங்க? அதான் இன்னொரு கை இருக்கே. அதுல பழகிக்குங்க."

அதில் என்ன பெரிய கஷ்டம் என்றுதான் சுகுமாரனும் நினைத்தான். மேலாளர் ஸுல்கிஃப்லியும் நல்ல மனிதர். மெல்லச் செய்யுங்கள், அவசரமே இல்லை, கையிலிருக்கும் வரைபடத்தை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை யஷ்வினியையும் அழைத்துக்கொண்டு மவுஸ் வாங்கப் போனான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைக்குள் ஒடுங்கியிருக்கும் சாஹித்தின் கணினிக் கடை. சாஹித் வாய் ஓயாதவன். வாடிக்கையாளர் உட்காருவதற்குள் பாதி வியாபாரத்தை முடித்துவிடுவான்.

"பழச எடுங்க, பாப்போம்," என்றான். சுகுமாரன் அந்தத் தட்டை மவுஸை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தான். சாஹித் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அல்லாவே! இத வச்சா எட்டு மணி நேரம் வேல பாத்தீங்க? அண்ணே, இது ஏர்போர்ட்ல உக்காந்து மெயில் பாக்குறவங்களுக்கு. தெனம் புழங்குறதுக்கு உள்ளங்கை முழுசும் சாஞ்சு உக்காரணும். மவுஸுக்குத் தகுந்த மாதிரி கைய வளைச்சா இப்படித்தான் ஆவும். கைக்குத் தகுந்த மவுஸ்தான் எடுக்கணும்."

வரிசையாக எடுத்து அடுக்கினான். எல்லாம் கம்பி இல்லாதவை. முதுகு உயர்ந்த ஒன்று, கட்டைவிரலுக்குப் பள்ளம் தோண்டிய ஒன்று, கைகுலுக்க நீட்டியது போல நிமிர்ந்து நிற்கும் ஒன்று, சத்தமே போடாமல் சொடுக்கும் ஒன்று. சுகுமாரன் ஒவ்வொன்றாக இடது கையில் பிடித்துப் பார்த்தான். எதுவும் அமரவில்லை. கட்டைவிரல் பள்ளம் சுண்டுவிரல் பக்கம் வந்தது. நிமிர்ந்து நின்றது எதிர்ப்பக்கம் சாய்ந்து அவனைப் பிடித்துத் தள்ளியது.

"எல்லாமே இடிக்குது லா தம்பி. இடது கையில பிடிக்கணும்."

"அத மொதல்லயே சொல்லணும்ல! இதெல்லாம் வலது கைக்கு அச்சு வார்த்தது. நல்லா செய்றவன் எல்லாம் வலது கைக்காரனுக்குத்தான் செய்றான். ரெண்டு கைக்கும் பொதுன்னு எடுத்தா தட்டையா இருக்கும், பழைய குருடிதான். இருங்க, ஒண்ணே ஒண்ணு கெடக்குது."

முக்காலி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசு படிந்த ஒரு பெட்டியை இறக்கினான். உள்ளே இருந்தது நிமிர்ந்து நிற்கும் மவுஸ்தான். ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போல மறுபக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இது இடது கைக்காரங்களுக்குன்னே செஞ்சது. சார்ஜ் பண்ணிக்கலாம். தனியா பேட்டரி போட வேண்டாததால எடையும் கம்மி."

மேசை விளிம்பில் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த யஷ்வினியின் கண்கள் விரிந்தன.

"அந்தக் கைக்குன்னே செய்வாங்களா, அண்ணே?"

"ஆமா மா. ஒலகத்துல எத்தன பேரு இருக்காங்க!"

குழந்தை இடது கையை நீட்டி மவுஸின் வளைவை மெல்லத் தொட்டது. உள்ளங்கை அதன் மேல் தானாகவே போய் அமர்ந்தது. மறுநொடி அப்பாவின் ஞாபகம் வந்து, சுட்டுக்கொண்டது போல வெடுக்கென்று இழுத்து, கையைப் பாவாடைப் பைக்குள் ஒளித்துக்கொண்டது. சுகுமாரன் பார்த்தான். பார்த்தும், அவனுக்குத் தன் கைவலிதான் பெரிதாக இருந்தது.

பணம் கொடுக்கும்போது வலது கை பட்டைக்குள் கிடந்தது. வேறு வழியில்லாமல் இடது கையில் நீட்டினான்.

"மன்னிச்சுக்க தம்பி, இந்தக் கையில தர்றேன்."

"அட, என்னா அண்ணே நீங்க! முடியாத கைய வச்சுக்கிட்டு. பரவால்ல குடுங்க."

சாஹித் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். தீபாவளிக்கு வந்த மாமாவைப் போலக் கையைப் பின்னால் இழுக்கவில்லை. நல்ல கை எங்கே என்று கேட்கவும் இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நியாயம், பிள்ளைகளுக்கு ஒரு நியாயம். யஷ்வினி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நல்ல மவுஸ்தான். குறை சொல்ல முடியாது. கை அதில் சாய்ந்து சுகமாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் உட்கார்ந்த கைக்கு வேலை தெரியவில்லை. வட்டத்தின் நடுப்புள்ளியைத் தொடப் போனால் அம்புக்குறி வேறெங்கோ ஓடியது. இடப்பக்கம் அழுத்தச் சொன்னால் விரல் வலப்பக்கம் அழுத்தியது. இரண்டு கோடுகளைச் சேர்க்க நெற்றி வியர்த்தது, பல் கிட்டியது, தோள்பட்டை காதைத் தொட்டது. அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா சிரித்தார்கள். களுக்கென்ற அந்தச் சத்தத்தை முன்பு எங்கோ கேட்டது போல் இருந்தது சுகுமாரனுக்கு. எங்கே என்று ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வரைபடத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. ஸுல்கிஃப்லி கோபப்படவில்லை. தோளைத் தட்டிக்கொடுத்து, அந்த வேலையை எடுத்து ஹைருல் என்ற புதுப் பையனிடம் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பதினாறு வருடமாக மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவன், ஒரு கோடு போடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு மூளை இருக்கிறது, வேலை தெரியும், கைதான் வேறு என்று எழுந்து நின்று கத்தலாம் போல இருந்தது. யாரிடம் கத்துவது?

அன்று மாலை வீட்டில் மறுபடி உட்கார்ந்தான். விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி. எதிரே யஷ்வினி, கையில் காலுறையோடு, எழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அம்புக்குறி ஓடியது. இழுத்தான். மறுபடி ஓடியது. பாதி போட்ட கோடு மொத்தமும் அழிந்துபோனது.

"சனியன் புடிச்ச கை!"

பட்டை போட்ட வலது கையாலேயே இடது கையைப் பளாரென்று அடித்தான். வலி உச்சந்தலைக்கு ஏறியது. மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நாற்பது வயது ஆண்பிள்ளைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சிறிது நேரத்தில் யாரோ முழங்கையைத் தொட்டார்கள்.

"அப்பா, கை."

நிமிர்ந்தான். யஷ்வினி நின்றிருந்தாள். தன் கையிலிருந்த காலுறையைக் கழற்றி, வாயை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா மா?"

"அந்தக் கை பேச்சு கேக்கலல்ல. இத போட்டுக்குங்க. மொதல்ல அழுவையா வரும் ப்பா. அப்புறம் அழுவ வராது." சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அத்தைகிட்ட கூட."

குழந்தை அவன் இடது கையைத் தூக்கி, அந்தச் சின்னக் காலுறையை விரல்களில் நுழைத்து, மூச்சைப் பிடித்து இழுத்தது. அது மணிக்கட்டைத் தாண்டி ஏறவில்லை. பிறகு அவன் முகத்தைப் பார்த்து அக்கறையாகக் கேட்டது.

"இறுக்குதா?"

சுகுமாரனுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. ஒரு வாரமாகத் தான் பட்ட வேர்வை, அவமானம், ஓடிப்போகிற கோடு, சுற்றிலும் சிரிப்பு, இது அத்தனையும் இந்தப் பிள்ளை இரண்டு வருடமாக, எழுத்து எழுத்தாகப் பட்டிருக்கிறது. தனக்காவது கையில் வீக்கம். இவள் கைக்கு என்ன கேடு? ஒரு கேடும் இல்லை. நன்றாக இருந்த கையை நோயாளிக் கையாக ஆக்கி வைத்தவன் அவன்.

காலுறையைப் பிடுங்கித் தூர எறிந்தான். மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். பென்சிலை எடுத்து அவள் இடது கையில் வைத்தான்.

"இனிமே இது வேணாம் மா. நீ இந்தக் கையிலேயே எழுது."

யஷ்வினி பென்சிலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பென்சிலை மெதுவாக வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இல்லடா, நெசமாத்தான் சொல்றேன். அப்பா திட்ட மாட்டேன்."

"வேணாம் ப்பா. நான் நல்ல பிள்ளையா இருக்கேன்."

சந்திரிகா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவன் புது மவுஸை நகர்த்தி மகள் முன்னால் வைத்தான். அன்றைக்குக் கடையில் ஆசையாகத் தொட்டாளே, இதையாவது தொடுவாள் என்று நினைத்தான். தொட்டாள். இடது கைக்கென்றே செய்த அந்த மவுஸை, வலது கையால், கோணல்மாணலாகப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்த்துச் சிரித்தாள். பாஸாகிவிட்டேனா என்று கேட்கிற சிரிப்பு. சுகுமாரன் மனைவியைப் பார்த்தான், ஏதாவது செய்யேன் என்பது போல. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குக் கை முடியவில்லை என்று ஜெகதீஸ்வரி ஒரு டப்பா முறுக்கோடு வந்தாள். சுகுமாரன் இடது கையை நீட்டி டப்பாவை வாங்கினான். அக்கா முகம் சுளிக்கவில்லை. "பாவம், பாத்து பாத்து," என்றாள். யஷ்வினிக்கு ஒரு முறுக்கை நீட்டினாள். குழந்தை இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டு, வலது கையால் வாங்கியது.

"பாத்தியாடா? நான் அன்னைக்கே சொன்னேன்ல. கண்டிச்சு வச்சா எப்படி மாறுதுங்க பாரு! தங்கம்!"

"அக்கா, நான் இப்ப எந்தக் கையில வாங்குனேன்?"

"உனக்கு முடியல. அதுக்கு என்னா செய்றது?"

"முடியாத எனக்கு நீங்க பாவம்னு சொல்றீங்க. அவளுக்கு அந்தக் கைதான் முடியும், அதத்தான் நான் கட்டிப் போட்டேன்." அவன் டப்பாவை மேசை மேல் வைத்தான். "மவுஸுக்காகக் கைய வளைச்சா வலிக்கும், கைக்குத் தகுந்த மவுஸ எடுங்கன்னு கடைக்காரத் தம்பி சொன்னான். கடையில விக்கிற ஒரு சாமானுக்கே அந்த நியாயம் இருக்கு. நான் நாலு பேரு சிரிப்பாங்கன்னு பிள்ளை கைய வளைச்சேன்."

ஜெகதீஸ்வரி முறுக்கு டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"சரி விடுடா. அதான் பழகிட்டாளே. இனிமே எதுக்கு அதப் போட்டுக் கிளறிக்கிட்டு?"

யஷ்வினி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்தபடி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். காலுறை குப்பைக்குப் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது. கை மட்டும் இன்னும் வெளியே வரவில்லை. சுகுமாரன் அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"பழகல அக்கா, பயந்துட்டா. பிள்ளைங்க பழகிட்டாங்கன்னு நாம பெருமையா சொல்றோமே, அதுல பாதி நம்ம மேல உள்ள பயம்தான்."